இன்றைக்கு வேண்டிய அப்பம்

(டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்வும் ஒரு பாடமும்)

மூன்றாம் ஆண்டு, வரலாறு

எங்கள் ஊர் பொம்மிடி. சேலத்திலிருந்து ஜோலார்பேட்டைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள ஊர். எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் விடியற்காலையில் நின்று பார்த்தால் ஒரு காட்சியைக் காணலாம். தோளில் பை, கையில் தண்ணீர்ப் புட்டி, மடியில் பழைய மருந்துச் சீட்டுகளின் கட்டு, முகத்தில் உறக்கமின்மை. இவர்களை எங்கே போகிறீர்கள் என்று கேட்கவே வேண்டியதில்லை. மொரப்பூர், திருப்பத்தூர், ஆம்பூர், குடியாத்தம் எல்லாம் கடந்து காட்பாடியில் இறங்கி, வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அவர்கள்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் ஒருமுறை என் ஆயாவுக்குத் துணையாக நானும் அப்படிப் போயிருக்கிறேன். ஆயா பக்தியுள்ள கிறிஸ்தவர். நடைமேடையில் உட்கார்ந்ததும் கண்களை மூடி ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும் சுருக்குப்பையை அவிழ்த்துப் பணத்தை எண்ணினார். மொரப்பூர் தாண்டியதும் மீண்டும் எண்ணினார். வாணியம்பாடியில் மூன்றாம் முறை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடவுளை நம்புகிறவர் எதற்காக இத்தனை முறை பணத்தை எண்ண வேண்டும் என்று கேட்டேன். எண்ணுவது என் வேலை, குறைந்தால் பார்த்துக்கொள்வது அவர் வேலை என்று ஆயா சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்று அந்தப் பதிலின் ஆழம் எனக்குப் புரியவில்லை. நாங்கள் போய்க்கொண்டிருந்த அந்த மருத்துவமனையைக் கட்டியெழுப்பிய பெண்மணியின் வரலாற்றைக் கல்லூரிக்கு வந்தபின் படித்தபோதுதான் புரிந்தது. அந்த வரலாற்றையே இங்கு என் சக மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பஞ்சத்தில் ஒரு சிறுமி

ஐடா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டு வந்து, பின்னர் சென்னையிலும் பணிபுரிந்த மருத்துவ ஊழியர். தந்தையும் மருத்துவர், ஊழியர். தந்தையின் உடன்பிறந்தார் பலரும் அவ்வாறே. ஆறு பிள்ளைகளில் ஐடா ஒருவரே பெண், கடைக்குட்டி.

அவருக்கு ஆறு, ஏழு வயதிருக்கும்போது 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருடப் பஞ்சம் வந்தது. அப்போது சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த நம் தருமபுரிப் பகுதியும் அந்தப் பஞ்சத்தில் கடுமையாக அடிபட்டது. நம் பாட்டன்மாரின் பாட்டன்மார் பசியால் ஊரை விட்டு ஊர் நடந்த அதே நாள்களில், வட ஆற்காட்டில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி, எலும்பும் தோலுமாகக் கிடந்த குழந்தைகளின் வாயில் ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்து ஊட்டினாள். அந்தக் குழந்தைகளுக்குத் தாமாக எடுத்துத் தின்னவும் வலுவில்லை.

அந்தக் காட்சி அவரை உடனே தொண்டராக்கிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். நடந்தது நேர்மாறானது. குடும்பம் அமெரிக்கா திரும்பியது. சில ஆண்டுகளில் தந்தையும், அவரைத் தொடர்ந்து தாயும் மீண்டும் இந்தியா வந்துவிட, சிறுமி ஐடா உறவினர் வீட்டில் விடப்பட்டார். பசியும் நோயும் பிரிவும் நிறைந்த இந்த நாட்டின் நினைவே அவருக்குக் கசந்தது. நன்றாகப் படிக்க வேண்டும், மணம் செய்துகொள்ள வேண்டும், அமெரிக்காவிலேயே வசதியாக வாழ வேண்டும். இவையே அந்த இளம் பெண்ணின் ஆசைகள். இதில் தவறு என்ன? நாம் ஒவ்வொருவரும் விரும்புவது இதைத்தானே!

ஓரிரவில் மூன்று கதவுகள்

1890இல் தாயின் உடல்நலம் குன்றியது என்ற செய்தி வந்தது. தாய்க்குத் துணையாகச் சிறிது காலம் இருந்துவிட்டுத் திரும்புவது என்ற உறுதியோடு ஐடா திண்டிவனத்திற்கு வந்தார். அங்கேதான் தமிழகம் நன்கறிந்த அந்த இரவு நேர்ந்தது.

பிராமணர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். பிரசவ வேதனையில் துடிக்கும் தம் இளம் மனைவிக்கு உதவ வர வேண்டும் என்று ஐடாவை அழைத்தார். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தைதான் மருத்துவர் என்றார் ஐடா. அயல் ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பதைவிட அவள் இறப்பதே மேல் என்று சொல்லி வந்தவர் திரும்பினார். சற்று நேரத்தில் இஸ்லாமியர் ஒருவர் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பின்னர் உயர்சாதி இந்துக் குடும்பத்தைச் சேர்ந்த மற்றொருவர். மூவரும் இருளில் திரும்பிப் போயினர். அன்றிரவு ஐடா உறங்கவில்லை. பொழுது விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. விசாரித்தபோது மூன்று பெண்களுமே இறந்துவிட்டதாகத் தெரிந்தது.

அந்த இரவு முழுவதும் அவர் கடவுளோடு வாதாடினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். காலையில் பெற்றோரிடம் சென்று, தாம் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பப் போவதாகத் தெரிவித்தார். இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காலையில் அவர் கையில் என்ன இருந்தது? பட்டமில்லை, பணமில்லை, மருத்துவமனை இல்லை. எதிர்காலத்தின் வரைபடமும் அவருக்குக் காட்டப்படவில்லை. அடுத்து எடுத்துவைக்க வேண்டிய ஓர் அடி மட்டுமே தெரிந்தது. அதை எடுத்துவைத்தார்.

கேட்பதும் நம்பிக்கையே

1895இல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பின்னர் நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்டப் பணம் வேண்டியிருந்தது. கப்பலேறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஐடா வீடு வீடாக, சபை சபையாகச் சென்று கேட்டார். இறுதியில் நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற முதியவர், மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார்.

இந்த இடத்தில் தமிழகத்தின் மற்றொரு கிறிஸ்தவப் பெண்மணியை ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். அயர்லாந்தில் 1867இல் பிறந்து 1895இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் நடத்தியவர். நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குச் சோறு போட வேண்டியிருந்தும், பணம் வேண்டும் என்று அவர் மனிதரிடம் கேட்பதில்லை. கடவுளிடம் மட்டுமே கேட்பது என்பதை விதியாகக் கொண்டிருந்தார். 1931இல் கீழே விழுந்து அடிபட்டது முதல் 1951இல் மறையும் வரை பெரும்பாலும் படுக்கையறையிலேயே வாழ்ந்தபோதும் அந்த விதி மாறவில்லை.

ஐடாவோ தயங்காமல் கதவுகளைத் தட்டியவர். இவ்விருவரில் யாருடைய நம்பிக்கை பெரியது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவது வீண் என்றே எனக்குத் தோன்றுகிறது. கேளாமல் காத்திருப்பதற்கு ஒரு துணிவு வேண்டும். கேட்டு, இல்லை என்ற சொல்லை வாங்கிக்கொண்டு, மனம் கசந்துபோகாமல் அடுத்த கதவுக்குச் செல்வதற்கும் ஒரு துணிவு வேண்டும். இருவருமே பலனைத் தம் கையில் வைத்துக்கொள்ளவில்லை. இதுவே அவர்களுக்குள் இருந்த ஒற்றுமை.

துணை போன பின்பு

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்தார். அனுபவமிக்க தந்தையின் அருகில் இருந்து தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில் தந்தை காலமானார். வயது இருபத்தொன்பது, கையில் புதுப் பட்டம், சந்தேகம் வந்தால் கேட்பதற்கு அருகில் ஒருவருமில்லை.

மருத்துவமனைக் கட்டடம் இன்னும் எழவில்லை. பங்களாவின் ஒரு சிறிய அறையே மருந்தகம். ஒரு படுக்கையே மருத்துவமனை. வீட்டு வேலைக்கு இருந்த சலோமி என்னும் தமிழ்ப் பெண்ணே உதவியாளர். தொடக்கத்தில் மக்கள் வரவே அஞ்சினர். காப்பாற்ற முடியாத நிலையில் கொண்டுவரப்பட்டவர்கள் இறந்தனர். அதனால் மற்றவர்களின் அச்சம் மேலும் வளர்ந்தது. பிறகு கண் நோய் குணமான ஒருவர், காய்ச்சல் தணிந்த ஒருவர் என்று செய்தி பரவ, கூட்டம் வரத் தொடங்கியது. முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கானோர் அந்தச் சிறிய அறைக்கு வந்து சென்றனர். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

கடவுளை நம்பினால் எல்லாம் நலமாக முடியும் என்று சிலர் சொல்கிறார்கள். ஐடாவின் வாழ்வு அவ்வளவு எளிய கணக்காக இல்லை. அவர் ஜெபித்தார், ஆயினும் தந்தை இறந்தார். அவர் ஜெபித்தார், ஆயினும் சில நோயாளிகள் பிழைக்கவில்லை. நம்பிக்கை என்பது கடவுளோடு செய்துகொள்ளும் வணிக ஒப்பந்தமாக இருந்திருந்தால், 1900ஆம் ஆண்டிலேயே அவர் கப்பலேறி ஊர் திரும்பியிருப்பார். அவர் திரும்பவில்லை. மறுநாள் காலையில் அந்த அறைக் கதவைத் திறந்தார். நம்பிக்கை என்ற சொல்லுக்கு இந்தக் கதவு திறத்தலைவிடச் சிறந்த விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இயேசு கற்பித்த ஜெபத்தில், வாழ்நாளுக்கெல்லாம் வேண்டிய உணவைக் கேட்கும்படி சொல்லவில்லை. அன்றைய உணவை அன்று கேட்கும்படியே சொல்லப்பட்டிருக்கிறது. நாளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பதும் அவர் மலைமேல் செய்த போதனை. ஆனால் அதே போதனையில் சுட்டப்படும் பறவை கூட்டிலேயே வாய் பிளந்து கிடப்பதில்லை; விடிந்ததும் இரை தேடப் பறக்கிறது. பஞ்ச காலத்தில் பசித்த வாயில் ஒவ்வொரு துண்டாக ரொட்டி ஊட்டிய சிறுமி, வளர்ந்தபின் தம் வாழ்நாளையும் ஒவ்வொரு நாளாகவே வாங்கிக்கொண்டார்.

சாலையோரத்தில்

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடி ஐடா தாமே புறப்பட்டார். வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் வாரந்தோறும் பயணம். முதலில் மாட்டு வண்டி. 1909இல் ஒரு மோட்டார் வண்டி வந்தது. குதிரையும் மாடும் இல்லாமல் புகை கக்கிக்கொண்டு ஓடி வரும் அதைக் கண்டு பேயென்று அஞ்சி மக்கள் வயல்களுக்குள் ஓடினார்களாம்! பின்னர் அதே வண்டிக்காக மரத்தடிகளில் காத்திருக்கத் தொடங்கினர். புண்ணைக் கழுவுவது, கட்டுப் போடுவது, சீழ்க் கட்டியைக் கீறுவது, கண்ணுக்கு மருந்திடுவது என எல்லாம் சாலையோர மரநிழலில் நடந்தன. இன்று நாம் கிராமப்புற மருத்துவ முகாம் என்று சொல்வதை அவர் அன்றே வாரந்தோறும் நடத்தினார்.

ஒருவர் எத்தனை பேருக்கு மருத்துவம் பார்க்க முடியும்? இந்தக் கேள்வி அவரை அரித்தது. இந்தியப் பெண்களே செவிலியராகவும் மருத்துவராகவும் வர வேண்டும் என்று முடிவு செய்தார். 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1918இல், முதல் உலகப் போர் இன்னும் முடியாத வேளையில், பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. போதிய கட்டடம் இல்லை. போதிய ஆசிரியரும் இல்லை. பெண்கள் இந்தத் தேர்வில் தேறுவது கடினம், ஏமாற்றத்திற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று அரசின் மருத்துவத் துறைத் தலைவரே எச்சரித்தார்.

தேர்வு என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை! தேர்வு முடிவு வெளிவரும் நாளில் நம் வயிற்றில் எழும் அச்சம் அந்த ஆண்டு வேலூரில் ஐடாவின் வயிற்றிலும் எழுந்திருக்கும். அவர் செய்தது என்ன? பாடம் நடத்தினார். மீண்டும் நடத்தினார். மாணவியருடன் சேர்ந்து ஜெபித்தார். முடிவு வந்தது. ஆண்களில் பலர் தவறிய அத்தேர்வில் வேலூர்ப் பெண்கள் பதினால்வரும் தேறியிருந்தனர். 1922இல் அந்த 14 பேரும் மருத்துவர்களாக வெளிவந்தனர்.

அறுபத்தேழு வயதில் ஒரு புயல்

முதுமையில் ஓய்வு கிடைக்கும் என்று நாம் எண்ணுகிறோம். ஐடாவுக்கு முதுமையில்தான் பெருஞ்சோதனை வந்தது. 1930களின் இறுதியில், பழைய மருத்துவச் சான்றிதழ்ப் படிப்பு இனிச் செல்லாது, பல்கலைக்கழகத்தின் எம்.பி.பி.எஸ். பட்டப் படிப்பே வேண்டும் என்று சென்னை மாகாண அரசு முடிவு செய்தது. கல்வித் தரம் உயர வேண்டும் என்ற நோக்கில் அது நியாயமான முடிவே. ஆயினும் வேலூர்ப் பள்ளிக்கு அது உயிர்ப் பிரச்சினை. உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள், பல மடங்கு படுக்கைகள், ஆய்வுக்கூடங்கள் எல்லாம் வேண்டும். இல்லையேல் பள்ளியை மூட வேண்டும். அப்போது ஐடாவுக்கு வயது அறுபத்தேழு.

உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941இல் அவர் அமெரிக்கா சென்றார். எழுபது வயதைக் கடந்த அந்த அம்மையார் நகரம் நகரமாகப் பயணம் செய்து பேசினார்; நிதி திரட்டினார்; ஆள் திரட்டினார். இதனினும் பெரிய வேதனை வேறொன்று. கல்லூரி நிலைக்க வேண்டுமானால் ஆண்களையும் சேர்க்க வேண்டும், பல சபைகளோடும் கூட்டாக நடத்த வேண்டும் என்ற நிலை வந்தது. பெண்களுக்கென்று தொடங்கியதை மாற்றலாகாது என்று, அவருக்கு நெடுங்காலம் துணை நின்று நிதி திரட்டித் தந்த லூசி பீபாடி அம்மையார் எதிர்த்தார். பகைவரின் எதிர்ப்பைத் தாங்கிவிடலாம். நெருங்கிய தோழியின் எதிர்ப்பைத் தாங்குவது எளிதன்று. தோழி சொன்னதிலும் உண்மை இருந்தது. திண்டிவனத்தில் இறந்த மூன்று பெண்களுக்காகத் தொடங்கியதல்லவா அந்தப் பணி! ஐடா நெடுநாள் தயங்கினார். இறுதியில், தாம் தொடங்கியதைத் தம் விருப்பப்படியே வைத்திருக்க வேண்டும் என்ற பிடியைத் தளர்த்தினார்.

தம் உழைப்பின் பலனைத் தம் கையிலிருந்து விடுவது எத்தனை கடினம்! பணம் இல்லாதபோது கடவுளை நம்புவதைவிட, நாம் உருவாக்கிய ஒன்றை இன்னொருவர் கையில் விடும்போது நம்புவதே கடினமானது. வேலூருக்கு 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு நடத்த அனுமதி கிடைத்தது. 1947இல் ஆண் மாணவர்களும் சேர்ந்தனர். அதன்பின் டாக்டர் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண்மணி தலைமைப் பொறுப்புக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிய கைவிரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தும் முறையை டாக்டர் பால் பிராண்டு வேலூரில் வளர்த்ததும் அந்தக் காலத்திலேயே. விட்டுக்கொடுத்தது வீண் போகவில்லை.

பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஐடா அம்மையார் கோடைக்கானலில் வாழ்ந்து, 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் தமது எண்பத்தொன்பதாம் வயதில் காலமானார். கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. இளமையில் வெறுத்து ஒதுக்கிய மண்ணே அவருக்குச் சொந்த மண்ணாயிற்று.

சுருக்குப்பையின் பாடம்

நம் மாவட்டம் வானம் பார்த்த பூமி. மழை பெய்யுமா, கிணற்றில் தண்ணீர் நிற்குமா, கூட்டுறவுக் கடனைக் கட்ட முடியுமா, தங்கையின் திருமணம் நடக்குமா, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா? இந்தக் கவலைகளைச் சுமந்துகொண்டுதான் நம்மில் பலர் வகுப்பறைக்கு வருகிறோம். கடவுளை நம்பு, கவலையை விடு என்று சொல்வது எளிது. அப்படிச் சொல்பவர் மேல் சில நேரம் கோபமும் வருகிறது.

ஐடா அம்மையாரின் வாழ்வு நமக்குச் சொல்வது வேறு. கவலையே எழாத மனத்தை அவரும் பெற்றிருக்கவில்லை. கவலையை இரு கூறாகப் பிரித்துப் பார்க்க அவர் கற்றிருந்தார். இன்றைக்கு என் கையால் செய்யக்கூடியது ஒரு கூறு. அதை முழு வலிமையோடு செய்துவிட வேண்டும். என் கைக்கு எட்டாதது மறு கூறு. அதைக் கடவுளிடம் விட்டுவிட்டு இரவில் உறங்க வேண்டும். இந்தப் பிரிவினையை ஒரே நாளில் கற்றுவிட முடியாது. அவருக்கே திண்டிவனம் முதல் கோடைக்கானல் வரை ஒரு வாழ்நாள் தேவைப்பட்டது. கிறிஸ்தவ நண்பர்கள் இதனை விசுவாசம் என்பார்கள். மற்றச் சமயத்து நண்பர்களும் தத்தம் நெறியில் இதற்கொரு பெயர் வைத்திருப்பார்கள். சமயமே வேண்டாம் என்போரும் கடமையின் பெயரால் முதற் கூற்றையாவது ஏற்பார்கள் என்று நம்புகிறேன்.

அன்று வேலூரில் ஆயாவுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். மாலையில் காட்பாடியில் ரயிலேறினோம். ஆயா சுருக்குப்பையை அவிழ்த்து மிச்சத்தை எண்ணினார். எனக்கு ஒரு தேநீர் வாங்கித் தரும் அளவுக்கு இருந்தது. வாங்கித் தந்துவிட்டு, பையை இடுப்பில் செருகி, ஜன்னலோரம் தலை சாய்த்து உறங்கிப் போனார். பொம்மிடி வந்ததும் நான்தான் எழுப்பினேன்.